சும்மாக்காரியின் காதல் ஒத்திகை

சும்மாக்காரர் என்றோர் இனம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு வாசல் படலையடியிலாவது பின்னேரப் பொழுதில் நின்று பாருங்கள், ஒன்றாவது வந்து சைக்கிளைச் சாத்தும். "என்ன, இஞ்சாலை?" என்று கேட்டால், "சும்மா வந்தனான்" என்று பதில் வரும். நம்பிவிடாதீர்கள். சும்மா வந்தவர் மழை பிந்தியதைப் பற்றிக் கதைப்பார், வெங்காயத்தில் விழுந்த நோயைப் பற்றிக் கதைப்பார், தேத்தண்ணி குடிப்பார், எழும்புவார், படலை வரை போவார், ஒரு காலை ஒழுங்கையில் வைத்த பிறகு திரும்பி, "அது சரி, உங்கடை மோனுக்கு எங்கையேன் கலியாணம் பேசுறியளோ?" என்பார். அதற்குத்தான் ஐயா அவர் வந்தவர்!

பக்கத்து வீட்டம்மா ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்து, "மரத்திலை சும்மா நிண்டது" என்பார். மாம்பழத்துக்குப் பின்னால் ஒரு விண்ணப்பம் நிற்கும். தம்பி ஒருவன் கொழும்பிலிருந்து அழைத்து, "சும்மா எடுத்தனான் அக்கா" என்பான். அவனுக்கு அழுகை வருகிறது, வேறொன்றுமில்லை. ஏன் இப்படி? வேண்டும் என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். சும்மா கேட்டவருக்கு அந்தப் பயம் கிடையாது. கிடைத்தால் கிடைத்தது, கிடைக்காவிட்டால் அவர் கேட்கவே இல்லையே!

இந்த இனத்தில் ஆக முற்றிய பிரிவு ஒன்று இருக்கிறது. அது சும்மா காதலிக்கும். அதாவது, காதலிப்பதுபோல் நடிப்பதாகச் சொல்லிக்கொண்டு காதலிக்கும். எடுத்துக்காட்டு வேண்டுமா? ஏழாலையில் வெங்காயத் தோட்டம் செய்யும் கமக்காரர் முருகேசுவின் ஒரே மகள் தனுசியாவைப் பாருங்கள்.

தனுசியா யாழ் நகரத்தில், ஒரு புடைவைக் கடைக்கு மேலே உள்ள மாடியில், டொச், அதாவது ஜேர்மன் பாஷை, படிப்பிக்கிறாள். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் புதுப் பெண்டாட்டிகள். கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை ஜேர்மனிக்கோ சுவிசுக்கோ திரும்பிப் போய்விட, பாஷைச் சோதனை பாஸ்பண்ணினால்தான் விசா என்ற நிலையில், "என்னுடைய பெயர் இன்னது, எனக்குச் சமைக்கப் பிடிக்கும்" என்று டொச்சில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். இத்தனை பேரைப் பறக்கவிட்டவளுக்குத் தான் பறக்க எள்ளளவும் விருப்பமில்லை. தன் வகுப்பு, தன் ஸ்கூட்டி, மத்தியானத்தில் பக்கத்து மேசையிலிருந்து சோத்துப் பெட்டியைத் திறக்கிற பிறேம். இவை போதும் அவளுக்கு. கடைசியாகச் சொன்னதை அவள் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் சேர்த்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் கதைப்பைத்தியம். போனில் டொச் நாவல்களாக இறக்கி இறக்கி வாசிப்பாள். எல்லாம் ஒரே வகை: ஒருவனும் ஒருத்தியும் ஏதோ வசதிக்காகக் காதலர்போல நடிக்க உடன்படுவார்கள், நிபந்தனை போடுவார்கள், பிறகு மழை பெய்யும், ஒருவருக்குக் காய்ச்சல் வரும், மற்றவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், அத்தோடு நிபந்தனை காற்றில் போய்விடும். ஏன் இதை வாசிக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாள்? "சும்மா. பாஷை மறக்காமல் இருக்க." சொற்களைத் தேடிப் போனவள்தான், பாவம், விடிய விடியத் தேடினாள்.

அவளுடைய சாதகக் குறிப்பில் எட்டில் செவ்வாய். அந்தச் செவ்வாய் ஒரு நல்ல காவல்காரனைப்போல வாசலில் நின்று, வந்த சம்பந்தங்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் குழம்பும்போது தாய் இரத்தினம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று அழுவார். தனுசியாவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்; பிறகு குசினிக்குப் பின்னால் போய், மாங்காயில் உப்பும் தூளும் தொட்டு நிம்மதியாகச் சாப்பிடுவாள். இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் தரகர் சோமசேகரம் விடவில்லை. சுவிஸில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தார். அவனுக்கும் எட்டில் செவ்வாய்.

"செவ்வாய்க்குச் செவ்வாய், தங்கச்சி!" என்று இரத்தினம்மாவிடம் குதித்தார். "பிள்ளைக்குப் பாஷையும் தெரியும். இனி பிளேனிலை ஏத்துறது ஒண்டுதான் பாக்கி."

அடுத்த நாள் மத்தியானம் தனுசியா பிறேமின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். பிறேம் அதே இடத்தில் இங்கிலீஷ் படிப்பிப்பவன். மானிப்பாயில் ஒரு புரட்டஸ்தாந்து வீட்டுப் பிள்ளை. தகப்பன் ஜெபரட்ணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தாய் பியாட்றிஸ் சபைக் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. இவனோ ஒரு வரிசையிலும் முன்னால் நின்று பழக்கமில்லாத சாது.

"பிறேம், எனக்கொரு உதவி செய்யவேணும்."

"சொல்லும்."

"கொஞ்ச நாளைக்கு நீர் என்னை லவ் பண்ணவேணும். சும்மா."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த மரவள்ளிக் கிழங்கு பாதி வழியில் நின்றது.

"சும்மாவோ?"

"சும்மாதான். வீட்டுக்குத் தெரியவேணும், ஊர் கதைக்கவேணும், சுவிஸ்காரர் ஓடவேணும், அவ்வளவுதான். நீங்கள் வேதக்காரர். எங்கடை அம்மா செத்தாலும் ஓம் எண்டு சொல்ல மாட்டா. அப்ப நீர் ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை."

"நான் பயப்பிடேல்லை" என்றான் பிறேம். கிழங்கைத் திரும்பப் பெட்டியில் வைத்தான். "சரி. செய்வம்."

நிபந்தனைகளை அவளே சொன்னாள். கதைகளில் பழகிய வாய். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போவதில்லை. கையைப் பிடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரும் உண்மையாக மனதைக் கொடுத்துவிடக் கூடாது. "கதையளிலை எல்லாரும் அதிலைதான் பிழைவிடுறவை. அவைக்கு முன்கூட்டித் தெரியாது. எங்களுக்குத் தெரியும்தானே" என்றாள். பிறேம் தலையாட்டினான். எங்களுக்கு என்ன தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அவனும் அதே இனம்தான், ஆனால் இன்னும் சத்தம் குறைந்த வகை.

காதலை ஊருக்கு அறிவிக்க மேல்நாட்டார் என்ன பாடுபடுகிறார்களோ தெரியாது, எங்கள் ஊரில் அது மிகச் சுலபம். நல்லூரடியில் இரண்டு பேராகப் போய் ஒருமுறை ஐஸ்கிறீம் குடித்தால் போதும். இருவரும் போனார்கள். ஆளுக்கொரு கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பெற்றோர் பேசிவைத்த மாப்பிள்ளை பெண்போல விறைத்துப்போய் இருந்தார்கள். மூன்றாவது மேசையில் இருந்த ஒரு மாமி கறண்டியை வாயில் வைத்தபடியே போனை எடுத்தார். கிண்ணத்தில் ஐஸ்கிறீம் உருக முன்னர் செய்தி ஏழாலைக்குப் போய், அங்கிருந்து ரொறன்ரோவில் நித்திரையாகக் கிடந்த அவளுடைய சின்னம்மாவை எழுப்பிவிட்டது.

காரியம் முடிந்ததல்லவா? இனிமேல் இருவரும் தங்கள் தங்கள் சோத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாமே? இருக்கவில்லை. "நடிப்புப் பழகவேணும். ஆரும் திடீரெண்டு கேட்டால் தடுமாறக் கூடாது" என்றாள் தனுசியா. அதற்கு ஒத்திகை என்று பெயரும் வைத்தாள். ஒத்திகைக்காகக் கீரிமலைக் கடற்கரைக்குப் போய், அறிந்தவர் தெரிந்தவர் ஒருவருமில்லாத கல்லில் பொழுதுபடும்வரை இருந்தார்கள். ஒத்திகைக்காக அவள் பிலாக்கொட்டைக் கறி சமைத்து, "வீட்டிலை கூடிப்போச்சு" என்று அவன் பெட்டிக்குள் தள்ளினாள். நல்லூர்த் திருவிழாவில் அந்தப் புரட்டஸ்தாந்துப் பிள்ளை இடுப்பில் நிற்காத வேட்டியும் வெறும் மேலுமாக, ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி சனத்துக்குள் அவளுக்கு வழிவிட்டு நடந்தான்.

"இப்ப ஆருக்கு நடிக்கிறம்?" என்று ஒருமுறை கேட்டான். சுற்றிவர இருந்தவர்கள் எல்லோரும் சுவாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கதையாமல் வாரும்" என்றாள்.

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கதைகளில் இதுதான் வழுக்கும் இடம் என்பது தனுசியாவுக்குத் தெரியாதா? ஆகவே அவள் மிகக் கவனமாக இருந்தாள். நெற்றியைத் தொடவில்லை. கொத்தமல்லி அவித்து, பிளாஸ்கில் ஊற்றி, ஏழாலையிலிருந்து மானிப்பாய் வரை ஸ்கூட்டியில் போய், படலைக்கு வெளியே மதிலில் வைத்துவிட்டு, போனில் அழைத்து, "வீட்டுக்குள்ளை வரேல்லை, சரியோ? நிபந்தனை மீறேல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இதைவிட ஒழுக்கமாக ஒருத்தி காதலிக்காமல் இருக்க முடியுமா? பிளாஸ்கை எடுக்க வந்தது பிறேம் அல்ல, பியாட்றிஸ். அவர் படலையில் நின்று, தெரு மூலையில் திரும்பிய ஸ்கூட்டியைக் கண்டார். உள்ளே போய்க் கணவரிடம், "பிள்ளை ஒண்டு வந்து போனது. கர்த்தர் காட்டினவர்" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் சபை சிறியது. பிறேமுக்கு ஏற்ற வயதில் அங்கே மிஞ்சியிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்றுவிட்ட தங்கைமார்.

இதற்குள் ஏழாலையில் விசாரணை தொடங்கிவிட்டது. தனுசியா ஆயத்தமாகத்தான் இருந்தாள். தாய் அழுவார், நெஞ்சில் அடிப்பார், ஒரு நேரம் சாப்பிடமாட்டார்; அந்த அமளியில் சுவிஸ்காரர் ஓடுவார்; பிறகு தான் "சரி அம்மா, உங்களுக்காக விடுறன்" என்று பிறேமை விட்டுவிடலாம். இதுதான் திட்டம். இப்படிப்பட்ட அருமையான திட்டத்தை இரத்தினம்மா எப்படிக் கெடுத்தார் என்று கேளுங்கள்.

"சின்னம்மா சொன்னது ஓமோ?"

"ஓம் அம்மா." தலையைக் குனிந்தாள்.

"வேதக்காரரோ?"

"ஓம்." இன்னும் குனிந்தாள்.

"அப்ப குறிப்பு?"

"அவைக்கு அது இல்லை. எழுதுறேல்லை."

அழுகைச் சத்தத்தைக் காணவில்லை. தனுசியா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். இரத்தினம்மா கதிரையில் இருந்தார்.

"குறிப்பே இல்லையோ?"

"இல்லை."

"அப்ப சாத்திரியார் பொருத்தம் பாக்கேலாது?"

"ஏலாது."

"பாக்காட்டிப் பொருத்தம் பிழைச்சுப் போகவும் ஏலாதே, பிள்ளை!"

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருடம், எத்தனை சாத்திரியார், எத்தனை "மன்னிக்கவேணும், செவ்வாய் இடிக்குது"! இப்போது ஒரு மாப்பிள்ளை வருகிறான், அவனிடம் இடிக்க ஒன்றுமே இல்லை. சமயம் வேறு என்பது அந்தப் பெரும் வெளிச்சத்தில் ஒரு சின்னப் பொட்டுப்போலக் கிடந்தது. சோமசேகரம் அன்றைக்கே கட்சி மாறினார். மானிப்பாய்க்கு ஆளனுப்பி விசாரித்தார்கள். என்ன விசாரித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் எதை விசாரித்தார்களோ அதைத்தான். திருப்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து, ஜெபரட்ணம் குடும்பம் பெண்வீட்டுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று.

இப்போது என்ன செய்வது? மத்தியானம் இரண்டு சோத்துப் பெட்டிகளும் திறக்கப்படாமல் இருந்தன.

"அம்மா ஓம் எண்டிட்டா" என்றாள் தனுசியா.

"எங்கடை அம்மாவும்."

"அப்ப... உண்மையைச் சொல்லிவிடுவமோ?"

வேண்டாம் என்று அவன் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டாள். வேண்டாம் என்ற சொல் அவன் தொண்டைவரை வந்தது. ஆனால் இவளுக்குச் சுவிஸ்தானே வேண்டாமென்றிருந்தது, நான் வேண்டும் என்று எப்போது சொன்னாள் என்று அவனுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

"உமக்கு அதுதான் நல்லமெண்டால் சொல்லுவம்" என்றான். "ஞாயிற்றுக்கிழமை அவை ஒருக்கா வந்து போகட்டும். பேந்து ஆறுதலாச் சொல்லுவம்."

"ஓம். பேந்து சொல்லுவம்."

தனுசியா வகுப்புக்குள் போனாள். கரும்பலகையில் எழுதிய வினைச்சொல் பிழை என்று ஒரு புதுப் பெண்டாட்டி எழும்பிச் சொன்னபோது கண் நிறைந்துவிட்டது. இவனுக்கு நான் ஒன்றுமேயில்லையா, இவ்வளவு நாளும் இவன் வெறுமனே உதவிதான் செய்தானா என்று மனம் கிடந்து அடித்தது. அதை அவனிடமே கேட்டிருக்கலாம். அவன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். கேட்டுவிட்டால் அவள் சும்மாக்காரி ஆவாளா?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பயற்றம் பணியாரம், முறுக்கு, கதலி வாழைப்பழம், நல்ல பால்த் தேத்தண்ணி. ஜெபரட்ணம் மாஸ்டர் சிரித்தார். பிறேம் மடியில் ஹெல்மெற்றை வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். கலியாணம் அவர்கள் கோயிலிலா இவர்கள் கோவிலிலா என்ற இடத்தில் எல்லோரும் கொஞ்சம் இருமினார்கள். பிறகு இரத்தினம்மாவும் பியாட்றிசும் தங்களுக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டார்கள்: முதலில் மண்டபத்தில் பதிவுக் கலியாண எழுத்து, கடவுள்மாரைப் பிறகு சமாதானப்படுத்தலாம். சோமசேகரம் இரண்டாவது பணியாரத்துக்குக் கையை நீட்டினார். எல்லாம் முடிந்த மாதிரித்தான்.

முருகேசு மட்டும் இதுவரை வாய் திறக்கவில்லை. தோட்டத்து மண் நகத்திலிருந்து போகாத மனிதர். எங்கள் ஊரில் அருகிப்போன வேறோர் இனத்தைச் சேர்ந்தவர். கேட்க வேண்டியதைக் கேட்பார், சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார். அவர் மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, உனக்கு விருப்பமோ?"

இத்தனை சம்பந்தம் வந்து போன வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தனுசியா திகைத்துப்போனாள். ஓம் என்றால், நடிக்க அழைத்துவந்து மாட்டிவிட்டாள் என்று பிறேம் நினைப்பான். இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. பழகிய வாய் தானாகவே திறந்தது.

"பறவாயில்லை."

எங்கள் அகராதியில் பறவாயில்லை என்றால் என்ன? அமிர்தத்தைக் கொடுத்தாலும் நாங்கள் பறவாயில்லை என்றுதான் சொல்வோம். இரத்தினம்மாவுக்கு அது பரிபூரண சம்மதமாகக் கேட்டது. முருகேசு கோப்பையைக் கீழே வைத்தார்.

"பறவாயில்லை எண்டால் வேண்டாம்" என்றார். "உது கத்தரிக்காய் வாங்கக் காணும். சீவியத்துக்குக் காணாது. மாஸ்டர், குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு மனமில்லை."

சோமசேகரத்தின் கை பணியாரத் தட்டில் அப்படியே நின்றது. ஜெபரட்ணம் கண்ணியமான மனிதர். எழும்பி, "அதிலை என்ன, பிள்ளையின்ரை மனந்தானே முக்கியம்" என்றார். பியாட்றிஸ் கைப்பையைத் தேடினார். பிறேமும் எழும்பினான். எழும்பி, அந்தப் பாழாய்ப்போன சிரிப்பைச் சிரித்து, "பிரச்சினை இல்லை, அங்கிள்" என்றான்! வாசலில் இறங்கிச் செருப்பைத் தேடினான். இடது காலை வலது செருப்புக்குள் நுழைத்தான். போகத்தான் போகிறான். இப்போது போனால் நாளைக்கு மத்தியானம் பக்கத்து மேசையில் இருந்து வணக்கம் சொல்லுவான், அடுத்த கிழமை சோமசேகரம் சுவிஸ்காரரோடு திரும்பி வருவார், அத்தோடு சரி. தனுசியா வாசலுக்கு ஓடினாள்.

"பிறேம், இரும்!"

ஒழுங்கையில் போன ஒருவர் சைக்கிளை நிற்பாட்டினார்.

"பிரச்சினை இருக்கு! எனக்கு உம்மைத்தான் வேணும். நான் நடிக்கேல்லை. கீரிமலையிலையும் நடிக்கேல்லை, நல்லூரிலையும் நடிக்கேல்லை. உம்மை விட்டிட்டு என்னாலை இருக்கேலாது. விளங்குதோ, மொக்கு!"

முதலில் இரத்தினம்மாதான் விழித்துக்கொண்டார். "நடிப்போ? என்னடி நடிப்பு?"

எல்லாம் வெளியே வந்தது. சுவிஸ், ஐஸ்கிறீம், ஒத்திகை, கொத்தமல்லி ஒன்றும் மிஞ்சவில்லை. சொல்லிமுடித்தபோது தனுசியா அழுதுகொண்டிருந்தாள். பியாட்றிசும் சும்மா அழுதார்.

"அப்ப விருப்பமெண்டு பொய் சொன்னனீங்கள்" என்றார் முருகேசு.

"ஓம் அப்பா."

"இப்ப அந்தப் பொய்தான் உண்மை எண்டுறாய்."

"ஓம் அப்பா."

இரத்தினம்மாவுக்கு ஒரேயொரு சந்தேகம். "தம்பிக்குக் குறிப்பில்லை எண்டது பொய்யில்லைத்தானே?"

முருகேசு மனைவியைக் கையமர்த்திவிட்டு வாசலைப் பார்த்தார். பிறேம் மாறிப்போட்ட செருப்போடு நின்றான். "நீர் சொல்லும், தம்பி. நீரும் எங்களுக்கு நடிச்சனீரோ?"

பிறேம் ஹெல்மெற்றைப் பார்த்தான். பிறகு தனுசியாவைப் பார்த்தான்.

"இல்லை அங்கிள்" என்றான். "எனக்கு நடிக்கத் தெரியாது. அவ கேட்டவ, நான் லவ் பண்ணினனான்."

"உதை அவளுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"ஏன்?"

"அவ சும்மாதானே கேட்டவ, அங்கிள்."

முருகேசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விதைவெங்காயத்தில் நல்லது கெட்டது பிரிக்கும்போது அவர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு, "மாஸ்டர், இருங்கோ. இரத்தினம், தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை ஊத்து" என்றார்.

அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு முருகேசு இருந்தார். எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. அதனால்தான் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர் பிரச்சினை இல்லை என்று சிரித்து, மாறிப்போட்ட செருப்போடேயே நடந்து போய், இன்றைக்கும் யாரோ ஒருவருக்குப் பிறந்தநாளன்று "சும்மா எடுத்தனான்" என்று போன் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். இதைக்கூடப் பொழுதுபோகாமல்தான் கையில் எடுத்தீர்கள். வாசிக்கும்போது நடுவில் ஒரு முகம் வந்து போயிருந்தால் அது தற்செயல். என்ன, அப்படி ஒருவரும் இல்லையா? ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறீர்கள்? நான் இன்னும் கேட்கவே இல்லையே.